செத்தவள் சொன்ன வசனம்

பன்யிங் அக்காள் இருபது வருஷம் சினிமாவில் ஓடினாள், அழுதாள், அடிபட்டு விழுந்தாள். ஒரு வார்த்தை பேசியதில்லை. மணிலாவை ஒட்டிய மலாபோனில், எங்கள் சந்து முனையில் அவளுக்குக் கருவாட்டுக் கடை. எதிர் வீடு என்னுடையது. படப்பிடிப்புக்கு ஆள் பிடிக்கும் தெங் கூப்பிட்டால், அக்காள் கடையைச் சாத்திவிட்டு என்னையும் இழுத்துக்கொண்டு கிளம்பிவிடுவாள். துணை நடிகை என்று யாராவது சொன்னால் போதும், "துணையும் இல்ல, நடிகையும் இல்ல. கூட்டம்னு சொல்லு" என்று எரிந்து விழுவாள்.

அந்த வருஷம் பேர்பெற்ற ஐந்து இயக்குநர்கள் சேர்ந்து ஒரு படம் எடுத்தார்கள். ஆளுக்கு ஒரு கதை; ஐந்தும் மணிலாவில் ஒரே நாளில் நடப்பவை. சேர்ந்து என்பது பேச்சுக்குத்தான். ஒருவர் எடுத்ததை இன்னொருவர் எட்டிக்கூடப் பார்க்கவில்லை. ஆனால் கூட்டத்துக்கு எல்லோரும் தெங்கைத்தான் கேட்டார்கள். அவளோ இரண்டாம் கதையின் சவப்பெட்டிக்குள் படுக்கவும் நான்காம் கதையில் பக்கத்து வீட்டுக்காரியாக நிற்கவும் பன்யிங் அக்காளையே அனுப்பி வைத்தாள்.

நான்காம் கதையில் அவளுக்கு வசனம் உண்டு. வாழ்க்கையில் முதல் வசனம்! சந்தில் ஒருவனைச் சுட்டுவிடுகிறார்கள். போலீஸ்காரர் வந்து, "பாத்தியா?" என்று கேட்பார். "நான் எதையும் பாக்கலங்க ஐயா" என்று அவள் சொல்ல வேண்டும். இதை எங்களுக்கு யாரும் எழுதித்தர வேண்டியதில்லை. தண்ணீர்க் குழாயடியில் மீன் உருண்டை விற்ற ஜெர்வினைப் பட்டப்பகலில் சுட்டுப்போட்ட அன்று எங்கள் சந்து முழுக்க அதைத்தான் சொன்னது. கதவிடுக்கு வழியாக எல்லாவற்றையும் பார்த்துவிட்டுத்தான் சொன்னது.

கேமரா ஓடியது. போலீஸ் வேஷக்காரன் கேட்டான். அக்காள் அவன் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"பாத்தேன்."

அந்தக் கதையை எடுத்த டிரெக் அமிஹான் 'கட்' சொல்லவே மறந்துவிட்டாள். இயக்குநர்களை நாங்கள் டிரெக் என்றுதான் கூப்பிடுவோம். பிறகு வந்து அக்காளின் கையைப் பிடித்துக்கொண்டு, "இதையே வெச்சுக்கிறேன்க்கா" என்றாள்.

ஐந்து கதையையும் ஒட்டிப் போட்டுப் பார்த்த அன்று குட்டு உடைந்தது. காலையில் செத்தவள் சாயங்காலம் சாட்சி சொல்கிறாள்! அமிஹான் அக்காளுக்குப் போன் போட்டு அழுதாள். கேட்ட மறு நிமிஷம் அக்காள் என்னையும் இழுத்துக்கொண்டு தயாரிப்பாளர் அம்மாளின் ஆபீஸுக்குள் நுழைந்தாள். ஐந்து டிரெக்குகளும் அங்கேதான் அடித்துக்கொண்டிருந்தார்கள்.

"பெட்டிச் சீன வெட்ட முடியாது, அந்தக் கதையே பெட்டியச் சுத்தித்தான். நாலாவதுல வேற ஒருத்திய வெச்சு எடுத்துருங்க. வசனத்தையும் எழுதுனபடியே சொல்லச் சொல்லுங்க" என்றாள் அந்த அம்மாள்.

அக்காளுக்கு மூக்கு விடைத்தது. "மேடம், இருபது வருஷமா உங்க படங்கள்ல கலவரத்துல செத்துட்டு, அடுத்த சீன்ல கல்யாணப் பந்தியில உக்காந்திருக்கேன். அப்பெல்லாம் ஒருத்தர் கண்ணுக்கும் என் மூஞ்சி தெரியல. வாயத் தொறந்ததும் தெரிஞ்சிருச்சாக்கும்?"

"செத்தவ எந்திரிச்சு வந்து பேசுனா சனம் சிரிக்கும்மா."

"சரி, நீங்க இழவு வீட்டுலேருந்து நேரா உங்க வீட்டுக்குப் போவீங்களா?"

"அய்யய்யோ, சாவு கூடவே வந்துருமே! வழியில எங்கயாச்சும் நின்னு உதறிட்டுத்தான்..." அந்த அம்மாளும் மணிலாக்காரிதானே, வாய் தானாகச் சொல்லிவிட்டது.

"பொணத்த எட்டிப் பாத்துட்டு வந்த உங்களுக்கே அப்படின்னா, பொணத்துக்கு? பெட்டியிலேருந்து எந்திரிச்சா. போற வழியில எங்க சந்துல நின்னா. மனசுல கெடந்தத உதறிட்டுப் போனா. இதுல எவன் சிரிப்பான்?"

சவப்பெட்டிக் கதை எடுத்த கிழவர் டிரெக் போன்ஸோ மேசையைத் தட்டினார். "என் பொணம்! அது இஷ்டப்பட்ட எடத்துல நிக்கட்டும்!" போஸ்டரில் யார் பேர் முதலில் என்பதற்கே மாசக்கணக்கில் சண்டை போட்ட ஐந்து பேரும் இதற்கு மட்டும் ஒன்றுபோலத் தலையாட்டினார்கள்.

"நெசப் போலீஸ் வந்து, என்னத்தப் பாத்தேன்னு கேட்டு நின்னா?" என்றாள் தயாரிப்பாளர் அம்மாள். குரலில் பயம் இருந்தது. எனக்கும் இருந்தது.

"வரட்டும். கருவாட்டு நாத்தத்தப் புடிச்சுட்டே வந்தா என் கடைதான்" என்றாள் அக்காள்.

படம் வந்த அன்று மத்தியானக் காட்சிக்கு எங்கள் சந்தே திரண்டு போனது. ஜெர்வினின் அம்மாவும் வந்திருந்தாள். பெட்டிக்குள் அக்காளைப் பார்த்ததும் எங்கள் ஆட்கள் விசிலடித்துக் கேலி செய்தார்கள். நான்காம் கதையில் அதே முகம் வந்தபோது கொட்டகையில் எவனும் சிரிக்கவில்லை. திரையில் போலீஸ்காரர் கேட்டார்.

"பாத்தேன்" என்றாள் செத்தவள்.

இருட்டுக்குள் ஒரு குரல், "நானும் பாத்தேன்!" என்று கத்தியது. ஜெர்வினின் அம்மா திரும்பிப் பார்த்தாள். அது யார் குரல் என்று இன்றுவரை பலர் விசாரித்துக்கொண்டிருக்கிறார்கள்.

என் குரல்தான். கருவாட்டுக் கடைக்கு எதிர் வீடு.