அத்தானைத் திட்டிய ஆட்டம்

தொண்ணூறுகளில் கனடாவின் ஸ்காபரோவில் கோடை பிறந்தால், புலம்பெயர்ந்து வந்த எங்கள் சனத்தின் ஊர்ச் சங்கங்கள் நடத்தும் கால்பந்துப் போட்டிகள்தான். எங்கள் ஊர் அணிக்கு நான் கோல் கீப்பர். எனக்கு முன்னால் காவல் நின்றவர் அக்காவின் கணவர். ஸ்பொன்சர் செய்து என்னைக் கனடாவுக்கு எடுத்து, தன் அபார்ட்மென்டிலேயே இடமும் தந்த மனிதர். ஒரு வருடம் இறுதியாட்டத்தில், "அத்தான், கொஞ்சம் இடப்பக்கம் வாங்கோ" என்று நான் மரியாதையாகச் சொல்லி முடிக்கமுன் பந்து வலைக்குள் கிடந்தது. தோற்றோம். குளிர்காலம் முழுக்க ஊர்ச்சனம் என்னை வைத்துச் சிரித்தது.

அடுத்த கோடையில் அணிக்கு வெளியாள் ஒருவரைச் சேர்க்கலாம் என்றார்கள். என் தொழிற்சாலை சுப்பர்வைசர் ஐரிஷ்காரர். இங்கிலாந்தில் பன்னிரண்டு வருடம் சம்பளத்துக்குப் பின்வரிசையில் விளையாடி, முழங்கால் கெட்டு ஓய்ந்தவர். கூட்டிவந்தேன். மனிதர் ஓடவே மாட்டார். ஆனால் பந்து வரும் இடத்தில் எப்போதும் அவர் நிற்பார்.

முதல் பயிற்சியிலேயே, அந்த ஆளிடம் என்ன இவ்வளவு நீளமாகப் பேசுகிறாய் என்று என்னைக் கேட்டார். அவர் அக்காவின் கணவர், மரியாதையாகத்தான் பேசவேண்டும் என்று விளக்கினேன். சிரித்துச் சிரித்துப் புல்லிலேயே உட்கார்ந்துவிட்டார். பன்னிரண்டு வருடமும் கோல் கீப்பர்கள் தன்னை வாய்க்கு வந்தபடி திட்டினார்கள், அதனால்தான் தன் வேலை நிலைத்தது, தன்னையும் அத்தானையும் திட்டு என்றார். அவரைத் திட்டுவது சுகமாகவே இருந்தது, சுப்பர்வைசர் அல்லவா. அத்தானிடம்தான் நாக்கு எழவில்லை. உண்ட வீட்டுக்கு இரண்டகம் செய்ய மனம் வருமா?

மறுபடி இறுதியாட்டம். நாங்கள் ஒரு கோல் முன்னால். கடைசி நிமிடத்தில் எதிரணிக்குக் கோர்னர். ஐரிஷ்காரர் இரண்டு பேரை மறித்து நிற்க, அத்தானின் முதுகுக்குப் பின்னால் ஒருவன் நழுவி வந்தான். அத்தான் அவனைக் காணவில்லை.

"டேய் மாடு, பின்னாலை பாரடா!"

என் குரல் மைதானம் முழுக்கக் கேட்டது. அத்தான் திரும்பிப் பாய்ந்து பந்தைத் தலையால் வெளியே மோதினார். விசில் ஒலித்தது.

வென்றுவிட்டோம். ஐரிஷ்காரர் நொண்டி நொண்டி வந்து கோப்பையை இரு கையாலும் வாங்கினார். சம்பளத்துக்கு விளையாடிய காலத்தில் ஒன்றைக்கூடத் தொட்டதில்லை, இதுதான் முதல் கோப்பை என்று சொல்லி அழுதார். நானும் அழுதேன். அத்தான் மட்டும் என்னைத் திரும்பியும் பாராமல் காரை எடுக்கப் போனார்.

காரில் ஏறியதும், ஆட்டம் பார்க்க வந்திருந்த அக்கா முன் சீட்டிலிருந்து பின்னால் திரும்பினாள். "ஆரையடா மாடெண்டு கத்தினனீ?"

அத்தான் ஸ்டியரிங்கைப் பிடித்தபடி சொன்னார்.

"என்னைத்தானப்பா. அவன் கத்தினபடியாத்தான் வெண்டனாங்கள். அடுத்த வருசமும் கத்துவான்."