பத்தாயிரத்தொன்று ஒண்டிக்கட்டையா?

தென்காசி ரயிலடிக்கும் குற்றாலத்துக்கும் நடுவே வில்வண்டி ஓட்டிய உச்சிமாகாளிக்கு நாற்பது வயதாகியும் கல்யாணம் ஆகவில்லை. அதைப் பற்றிக் கவலைப்பட நேரமும் இல்லை. தலை நிறைய எண்கள். மாடுகளுக்குத்தான் வழி தெரியுமே என்று, வண்டி கிளம்பியதும் ஓர் எண்ணைப் பிடித்து இரண்டால், மூன்றால், ஐந்தால் என மனத்துக்குள்ளேயே வகுத்துக்கொண்டு போவான். பலவற்றால் மீதியில்லாமல் வகுபட்டால் அது 'சம்சாரி'. ஒன்றையும் தன்னையும் தவிர வேறெதற்கும் வகுபடாவிட்டால் 'ஒண்டிக்கட்டை'. 5040 என்றால் அவனுக்கு உயிர். ஒன்று முதல் பத்து வரை அத்தனை பேரையும் அணைத்துக்கொள்ளும் பெரிய சம்சாரி அது.

1936ஆம் வருஷச் சாரலில் சிவகிரி வடிவம்மாள் அவன் வண்டியில் ஏறினாள். விஷக்காய்ச்சலில் பிழைத்த மகனுக்காகக் குற்றாலத்தில் பத்தாயிரத்தொரு விளக்கு ஏற்றுவதாக நேர்ந்திருந்தாள். நல்ல காரியமென்றால் ஒன்று கூட்டித்தானே வைப்போம். வரிசையெல்லாம் ஒரே அளவாக இருக்க வேண்டும், ஒரு விளக்குகூடத் தனித்து நிற்கக்கூடாது என்றும் வேண்டியிருந்தாள்.

"அந்த ஒத்தை விளக்கை எங்கன வைக்கதுன்னுதான் தெரியல" என்றாள்.

உச்சிமாகாளி வகுக்க ஆரம்பித்தான். எழுபத்தொன்றுக்கு வந்தபோது அருவிச் சத்தம் கேட்டது. மாடுகள் நின்றன, அவனும் நின்றுவிட்டான்.

"இது ஒண்டிக்கட்டைம்மா. ஒரே வரிசையாத்தான் வைக்கணும். ஒரு மைலுக்குப் போகும்."

சாரலில் ஒரு மைலுக்கு விளக்கு எரிந்தாற்போலத்தான். வடிவம்மாளுக்குக் கண் கலங்கிவிட்டது. "பிள்ளைக்கு நேந்தது நின்னு போச்சே" என்று இறங்கிப் போனாள்.

காலி வண்டியோடு திரும்பியவனுக்கு மனசு கேட்கவில்லை. நூறை நூறால் பெருக்கினால்தானே பத்தாயிரம்; நூறு வரை பார்த்தால்தான் முடிவு சொல்லலாம் என்பது அவனுக்குத் தெரியாததா? பாதை முடிந்ததும் கணக்கும் முடிந்ததென்று விட்டது பெரிய தப்பு. விட்ட இடத்திலிருந்து தொடங்கினான். எழுபத்திரண்டு இரட்டைப்படை, இரண்டிலேயே பார்த்தாயிற்று. அடுத்தது எழுபத்து மூன்று. மீதியே இல்லை. நடுரோட்டில் வண்டியைத் திருப்பினான். மாடுகளுக்கு ஒன்றும் விளங்கவில்லை.

"எழுபத்து மூணு வரிசைம்மா. வரிசைக்கு நூத்தி முப்பத்தேழு. ஒண்ணுகூட மிஞ்சாது."

மறுநாள் சாயங்காலம் கோயில் மண்டபத்துக்குள் விளக்குகள் பரப்பினார்கள். எண்ணெய் ஊற்றியவள் எண்ணெய்க்கடைச் சொக்கம்மாள். வாய்த்துடுக்குக்காரி என்று முப்பது தாண்டியும் அவளை யாரும் பெண் கேட்கவில்லை. கடைசி வரிசையை அவளே எண்ணினாள்.

"நூத்தி முப்பத்தேழு. சரியாத்தான் இருக்கு" என்று அவனைப் பார்த்துச் சிரித்தாள். அவனுக்கு அடுத்த எண் மறந்துபோனது.

வடிவம்மாள் இருவரையும் பார்த்தாள். "எழுபத்தொண்ணுல நிப்பாட்டிட்டு ஒண்டிக்கட்டைன்னியே. உன் விசயத்திலயும் அப்படித்தான் அவசரப்பட்டுட்டியா?"

தை மாதம் கல்யாணம் நடந்தது. இத்தனை வயசுக்கு மேல் எப்படி என்று கேட்டவர்களிடமெல்லாம் உச்சிமாகாளி ஒரே பதிலைத்தான் சொன்னான்.

"நாப்பதோட நிப்பாட்டிட்டேன். அதுக்கு மேல வகுத்துப் பாக்கலைல்லா."