மீசைக்கு முதல் மொட்டை

பழனி அடிவாரத்து முடியிறக்கும் கொட்டகையில், கைக்குழந்தையோடு வருகிறவர்கள் அழகுமலையைத்தான் தேடிப்போவார்கள். அவருடைய கத்தியில் ஒரு விசேஷமும் இல்லை. வாய்தான் விசேஷம். தலையில் தண்ணீரைத் தடவும்போதே கதையை ஆரம்பித்துவிடுவார். ஒரு வயதுப் பிள்ளைக்குக் கதை எங்கே புரியப்போகிறது? ஆனால் ஒரே சீராக ஓடுகிற அந்தக் குரலில் அது அழுகையை மறந்துவிடும். மறந்த நேரத்தில் பாதித் தலை முடிந்திருக்கும்.

கதை அவருடையதல்ல. பழைய பேப்பர் கடையில் நிறுத்து வாங்கிய ஒரு நாவல். அட்டை இல்லை, எழுதியவர் பெயர் இல்லை, கடைசிப் பக்கங்களும் போயிருந்தன. அதில் பிள்ளையில்லாத ஒரு ஜமீன்தார் வருகிறார். சொத்தை யார் ஆண்டால் என்ன, தமது மீசைக்கு ஒரு வாரிசு இல்லையே என்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. கடைசியில் அரண்மனைச் சமையல்காரனின் மீசையைத் தத்து எடுக்கிறார். மீசையை மட்டும்தான். சமையல்காரன் சமையல்காரனாகவே இருக்கிறான். பந்தியில் மீசைக்குத் தலைவாழை இலை போடுகிறார்கள், பரிமாறுகிறவனும் அவனேதான்.

இந்த இடத்தைப் படிக்கும்போதெல்லாம் அழகுமலை வீட்டில் விழுந்து விழுந்து சிரிப்பார். மனைவி கந்தம்மாளுக்குப் பற்றிக்கொண்டு வரும். கொட்டகை வாசலில் உட்கார்ந்து மொட்டைத் தலைகளுக்குச் சந்தனம் பூசுவது அவள் வேலை. விளையாட்டுப் பேச்சே பிடிக்காது அவளுக்கு.

“இதுல என்னங்க நீதி இருக்கு?” என்பாள்.

“நீதி இருந்தா எப்பிடி சிரிப்பு வரும், கந்தம்மா?” என்பார் அவர்.

அதற்குமேல் அவர் விளக்கியதில்லை. விஷயம் இதுதான். அவர்களுக்கும் பிள்ளை இல்லை. விடிந்தால் அவர் ஊரார் பிள்ளைகளுக்கு முதல் முடி எடுப்பார், அவள் சந்தனம் பூசுவாள். இருவருக்கும் அது தினமும் வலித்தது. ஆறுதல் சொல்ல வந்தவர்கள் அந்த வலியைக் கிளறிவிட்டுத்தான் போனார்கள். இந்தக் கோமாளி நாவல் ஆறுதல் எதுவும் சொல்லவில்லை. ஒரு மீசையைத் தொட்டிலில் போட்டு ஆட்டியது, அவ்வளவுதான். அதைப் படிக்கிற நேரத்துக்கு அழகுமலையின் நெஞ்சு லேசாக இருந்தது.

ஐம்பத்து நாலாம் வருஷம் அந்தத் தொட்டிலால்தான் வினை வந்தது. கிளாவரையிலிருந்து மலையிறங்கி வந்த ஒரு குடும்பம். முதல் மொட்டைக்குப் பிள்ளை தாய்மாமன் மடியில்தான் உட்கார வேண்டும். மாமன் திருமலைச்சாமி, வெள்ளைப்பூடு பயிரிடுகிற சம்சாரி. தங்கை அன்னக்கொடியின் மகனை மடியில் இருத்திக்கொண்டிருந்தார். மீசைக்குத் தொட்டில் கட்டியாயிற்று, ஆனால் மீசை மட்டும் எப்படித் தனியாகப் படுக்கும், சமையல்காரன் கரண்டியோடு தொட்டிலுக்குள் ஏறினான் என்று அழகுமலை சொன்னார். பிள்ளை சிரிக்கவில்லை. மாமன் சிரித்தார். தொடை குலுங்கியது. பிள்ளையின் காதோரம் கத்தி கீறிவிட்டது.

கீறல் சின்னதுதான். ஆனால் அப்பன் வீட்டு ஆட்கள் கொட்டகையையே இரண்டாக்கினார்கள். கொட்டகை ஆட்களை மேய்க்கிற மேஸ்திரி சேனாதிபதி ஓடிவந்தார். அவர் சிரித்து அடிவாரத்தில் யாரும் பார்த்ததில்லை.

“இனிமே கதைன்னு வாயத் தொறந்தே, கத்திய வச்சிட்டு வீட்டுக்குப் போயிரு,” என்றார்.

தப்பு தன்னுடையது என்று அழகுமலைக்குத் தெரியும். கதை மாமனின் காதில் விழும், பிள்ளை உட்கார்ந்திருப்பதும் அதே மாமனின் மடியில்தான் என்பது அத்தனை வருஷத் தொழிலில் அவருக்கு ஒருநாளும் உறைக்கவில்லை. அன்றோடு வாயை மூடிக்கொண்டார். அவர் முன்னாலும் பிள்ளைகள் வீறிட்டு அழுதன. வீட்டில் நாவல் பரணுக்குப் போய்விட்டது. வேலை நிலைத்தது, ஆள்தான் பாதியாகிப் போனார். கந்தம்மாள் அதைப் பார்த்துக்கொண்டுதான் இருந்தாள்.

இரண்டு வருஷம் கழித்துத் திருமலைச்சாமி மறுபடி வந்தார். அன்னக்கொடிக்கு அடுத்த பிள்ளை. நேரே அழகுமலையிடம் வந்து மடியில் பிள்ளையை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

“அண்ணே, அந்த மீசை என்னாச்சு? பூடு நடயில, களை எடுக்கயில, எங்க ஊர்ல இதே பேச்சாத்தான் கெடக்கு.”

மேஸ்திரி பக்கத்தில்தான் நின்றார். அழகுமலை பிள்ளையின் தலையில் தண்ணீரைத் தடவினார். அழுகிற பிள்ளைக்கு முழுத் தலையையும் இறக்கினார். கத்தியைக் கழுவினார், துடைத்தார், மடக்கி வைத்தார். பிறகு மேஸ்திரியின் முகத்தைப் பார்த்தார்.

“கத்தியத்தான் மடக்கியாச்சுல்ல? வெரசா சொல்லித் தொலை,” என்றார் சேனாதிபதி. “அன்னைக்கு நானும் தூணுக்கு அந்தப் பக்கம் கேட்டுக்கிட்டுதான் நின்னேன். தொட்டில்ல ஏறுனவன் எறங்குனானா இல்லையா?”

புத்தகத்திலும் தொட்டில் வரைக்கும்தான் பக்கம் இருந்தது, மிச்சம் கிழிந்து போயிருந்தது. முடிவு அழகுமலைக்கே தெரியாது. ஆனாலும் பழைய குரல் தானாக வந்தது.

“எறங்குனான். வாரிசுக்கு ஒரு வயசாச்சு. மொதல் மொட்டை போடணுமில்ல? ஜமீன்தார் மேளதாளத்தோட பழனிக்கு வந்தாரு. மச்சினன் மடியில சமையக்காரன உக்கார வச்சாக. இந்தக் கொட்டகைதான், நாந்தான் கத்தி பிடிச்சேன். ஒரே இழுப்பு. வாரிசக் காணோம். ஜமீன்தார் மலைச்சுப்போய் நிக்கிறாரு. சமையக்காரன் ஒதட்டத் தடவிப் பாத்துட்டு, ‘சாயந்தரத்துக்கு என்னங்க சமைக்கட்டும்’னு கேட்டான்.”

திருமலைச்சாமி பிள்ளையைத் தங்கையிடம் நீட்டிவிட்டு வயிற்றைப் பிடித்துக்கொண்டார். சேனாதிபதி தூணைப் பிடித்துக்கொண்டு, இருமல் வந்தவர்போல் குலுங்கினார். அது இருமல் இல்லை.

அன்னக்கொடி பிள்ளையை வாசலுக்குத் தூக்கிப் போனாள். கந்தம்மாள் சந்தனத்தைக் குழைத்தவள், பூசாமல் கையை நிறுத்தி உள்ளே பார்த்தாள்.

“ஏங்க, அந்த மீசை இருந்த எடத்துல யாரு சந்தனம் பூசுனது?”

அழகுமலை அவளையே பார்த்தார். அந்தக் கதையைப் பற்றி அவள் கேட்ட முதல் கேள்வி அது, நீதியை விட்டுவிட்டால்.

“நீதான்,” என்றார்.

“நல்லாத்தான் பூசியிருப்பேன்,” என்று சொல்லிவிட்டு, கந்தம்மாள் பிள்ளையின் தலையில் சந்தனத்தைத் தடவினாள்.