கேட்க ஒன்றுமில்லாத கிருத்திகை

ரேஷன் அரிசிக் காலத்தில் கடைசிப் பெண்ணுக்கும் ஜாம்ஜாமென்று கல்யாணம் செய்து முடித்தவள் நான். யுத்தம் அப்போதுதான் ஓய்ந்திருந்தது. எனக்கு நாற்பத்திரண்டு வயது. "நாலு பொண்ணயும் கரையேத்திட்டே, இனிமே இன்னா கவலை உனக்கு?" என்று திருத்தணியில் கண்டவர்கள் எல்லாம் சொன்னார்கள். தலை கொஞ்சம் கனத்துத்தான் போயிருந்தது.

அந்த மாதக் கிருத்திகைக்கு மலையேறினேன். பிள்ளை வரம், மாப்பிள்ளை என்று போகும்போதெல்லாம் முருகனிடம் ஏதாவது கேட்டு வந்தவள், அன்று சன்னதியில் கைகூப்பிக்கொண்டு முழித்தேன். கேட்க ஒன்றுமே இல்லை! இனி அவருக்கும் எனக்கும் என்ன பேச்சு, நாளைக்கு எதற்காக எழுந்திருப்பது என்று பயமாகிவிட்டது. அழுதுகொண்டே இறங்கினேன்.

அடுத்த கிருத்திகைக்குப் போவதில்லை என்று உட்கார்ந்திருந்தேன். பக்கத்து வீட்டு நெசவுக்காரி வந்தாள்.

"கோயிலுக்குப் போவலயாக்கா? வானம் மூடிகினு கீது. பாவு நனஞ்சா நூலே பூடும். நாலு நாள் மழ வாணாம்னு சாமிகிட்ட சொல்லிட்டு வாக்கா."

பாவு என்பது தறியில் ஏற்றும் நூல். கஞ்சி போட்டு, தெரு நீளத்துக்கு இழுத்துக் கட்டிக் காயவைப்பார்கள். சரியென்று சேலை மாற்றிக் கிளம்பினேன். தெருமுனையில் எங்கள் நிலத்தைப் பயிரிடுபவர் மடக்கினார்.

"மலைக்கா போறீங்கம்மா? நாத்து காஞ்சிகினு கீது. மழயக் கேட்டுட்டு வாங்க."

"ஆங், கேக்கறேன்" என்று அவருக்கும் சொல்லித் தொலைத்தேன்.

படியேறும்போது என்னையே திட்டிக்கொண்டேன். யாருக்காகக் கேட்பது? பாதி மலையில் மூச்சு வாங்க நின்றபோதுதான் கொல்லையில் கல்யாணப் பந்தல் இன்னும் நிற்பது நினைவுக்கு வந்தது. இரட்டை ஓலை, சொட்டு ஒழுகாது. வருகிறவர்கள் பார்த்து மெச்சட்டும் என்று நான்தான் பிரிக்கவிடாமல் வைத்திருந்தேன். அப்புறம் என்ன, சன்னதியில் தைரியமாக மழையைக் கேட்டுவிட்டு, வந்த வேகத்தில் இறங்கி, நெசவுக்காரியை நூலோடு கொல்லைக்கு வரச்சொன்னேன்.

இரண்டாம் நாள் மழை கொட்டியது. பந்தல் முழுக்க மடக்கி மடக்கிக் கட்டிய பாவு. கிணற்றுக்குப் போக வழியில்லாமல் வீட்டுக்காரர் கத்தினார்: "இன்னாமே, இது வூடா, தறிக்கொட்டாயா?"

நான் சிரித்துக்கொண்டே பாவு கட்ட வந்த எல்லாருக்கும் கூழ் கரைத்தேன். அவருக்கும் ஒரு சொம்பு நீட்டினேன், முனகிக்கொண்டே குடித்தார்.

விஷயம் தெருவில் பரவிவிட்டது. கிருத்திகை வந்தால் ஆளாளுக்குச் சேதி சொல்லி அனுப்பினார்கள். பாதியைச் சாமியிடம் சொல்வேன்; மீதியை நானே போய்ப் பேசித் தீர்ப்பேன். எனக்கென்று கேட்டது ஒன்றே ஒன்றுதான்.

"முருகா, இந்த முழங்கால் ரெண்டயும் பாத்துக்கோப்பா. இன்னும் நெறய வேலை கீது."