ஆஷி என்று சொல்லிவிட்டு வந்தேன்

பேய், ஆவி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போய்விடுகிறவள் நான். மென்பொருளில் பிழை தேடுவது என் வேலை. எது நடந்தாலும் சாத்தியமான காரணங்களை வரிசையாக எழுதி ஒவ்வொன்றாக அடித்துக்கொண்டே வந்தால் கடைசியில் ஒன்று மிஞ்சும், அதுதான் விடை. இதில் மட்டும் எல்லாவற்றையும் அடித்துவிட்டேன், எதுவும் மிஞ்சவில்லை. நீங்கள் சிரித்தாலும் பரவாயில்லை, நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

அப்பா கிடர்பூர் துறைமுகத்தில் வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். நான் பிறந்ததே கொல்கத்தாவில்தான், தமிழைவிட வங்காளம் எனக்குச் சரளம். சித்தப்பா மகள் கல்யாணத்துக்குத் திருநெல்வேலிவரை காரிலேயே போய் வர வேண்டும் என்று அப்பாவுக்கு ஆசை. அம்மா முதுகுவலி என்று நியூ டவுன் வீட்டிலேயே இருந்துவிட்டாள். நானும் அப்பாவும் மாற்றி மாற்றி ஓட்டினோம். கோதாவரிப் பாலத்தைத் தாண்டும்போது அப்பா பழைய பாட்டாகப் பாடிக்கொண்டு வந்தார், நெல்லூரில் நெய்யும் பருப்புப்பொடியுமாக அளவில்லாமல் சாப்பிட்டோம், நினைத்துச் சந்தோஷப்பட எவ்வளவோ இருக்கிறது. ஆனால் கண்ணை மூடினால் வருவது அந்த ஒரு வீடுதான்.

திரும்பும் வழியில் பாலாசோர் தாண்டி வங்காள எல்லையை நெருங்கும்போது இன்ஜின் சூடேறிவிட்டது. நல்ல வெயில், மதியச் சாப்பாட்டு நேரம்கூட இன்னும் முடியவில்லை. காரை ஓரம் கட்டிவிட்டு, அப்பாவை அங்கேயே விட்டு, காலி பாட்டில்களோடு கொஞ்சம் பின்னால் இருந்த ஒரு வீட்டுக்கு நடந்தேன். வாசலில் அடிகுழாய், வீட்டின் பின்பக்கம் ஆண்கள் பேச்சுக்குரல். படியில் ஒரு அம்மாள் நின்றிருந்தாள். அப்போதுதான் குளித்தவள் போலத் தலையிலிருந்து நீர் சொட்டியது, காலில் புதிதாகப் பூசிய ஆல்தா, நம் மருதாணிபோல இங்கே கல்யாணமான பெண்கள் பூசும் செஞ்சாயம். ஏதோ விசேஷம் போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டேன். வங்காளத்தில் தண்ணீர் கேட்டேன், தலையசைத்தாள். நிரப்பிக்கொண்டு கிளம்பும்போது பழக்கத்தில், "ஆஷி, மாஷி" என்றேன். மாஷி என்றால் சித்தி.

வங்காளிகள் விடைபெறும்போது போகிறேன் என்று சொல்வதில்லை, ஆஷி என்பார்கள். வருகிறேன் என்று அர்த்தம், நம் ஊர் மாதிரியேதான். பதிலுக்கு ஏஷோ, அதாவது வா என்பார்கள். அந்த அம்மாள் அதைச் சொல்லவில்லை. என் முகத்தையே பார்த்து, "கொபே?" என்று கேட்டாள். எப்போது?

நான் சிரித்துவிட்டு நடந்தேன்.

காரில் அப்பாவின் முகம் சரியில்லை. பச்சை மூங்கில் சுமந்துகொண்டு போன ஒருவரிடம் பேச்சுக் கொடுத்திருக்கிறார். "அந்த வீட்டுக்கா போன? துட்டி வீடுட்டி அது. வீட்டம்மா காலைல தவறிட்டாங்களாம்."

"எனக்கு எப்படிப்பா தெரியும்? வாசல்ல ஒரு அம்மா நின்னாங்க, ஆஷின்னு சொல்லிட்டு வந்தேன்."

"கூறுகெட்டவளே! சாவு வீட்டுல போயா வாரேன்னு சொல்லுவ?" என்றவர், சட்டென்று குரலை இறக்கினார். "எந்த அம்மா? அங்க பொம்பளையாளு ஒருத்தரும் இல்லையாமே. மக கொல்கத்தாவுல இருக்காளாம், அவ வாரதுக்குத்தான் எல்லாரும் காத்துக் கிடக்காங்களாம்."

திரும்பப் போய், 'வரமாட்டேன்' என்று சொல்லிவிட்டு வா என்றார். நான் போகவில்லை. அது பக்கத்து வீட்டுக்காரியாக இருக்கும், வார்த்தை வெறும் வார்த்தைதான் என்று வாதாடி, இன்ஜின் ஆறியதும் தண்ணீரை ஊற்றி வண்டியை எடுத்தேன். கொஞ்ச தூரத்தில் மணி அடிக்க ஆரம்பித்தது. பின்சீட்டில் உட்கார்ந்திருப்பவர் பெல்ட் போடவில்லை என்று கார் சொல்கிறது. நிறுத்தி, சீட்டில் இருந்த பையை எடுத்து முன்னால் வைத்தேன், அடித்தது. கதவுகளைத் திறந்து மூடினேன், அடித்தது. சீட்டைத் தொட்டுப் பார்த்தேன், ஈரம். தண்ணீர் பாட்டில்களை நான் அங்கே வைக்கவே இல்லை. ஆளில்லாத சீட்டுக்குக் குறுக்கே பெல்ட்டை இழுத்து மாட்டினேன். மணி நின்றது. வீடு வரும்வரை அப்பாவும் நானும் கண்ணாடியில் பின்னால் பார்க்கவே இல்லை. கீழே பார்க்கிங்கில் அந்தப் பெல்ட்டைக் கழற்றிவிட்டது நான்தான்.

மறுநாள் காலை அம்மா தோசை ஊற்றிக்கொண்டிருந்தாள், நான் பக்கத்தில் நின்று சட்னி அரைத்துக்கொண்டிருந்தேன். இண்டர்காம் அடித்தது. கேட்டில் இருக்கும் காவலர், வேலைக்குப் புதியவர், வங்காளத்தில் சொன்னார்: "மேடம், உங்க அம்மா வந்திருக்காங்க. மேல அனுப்பவா?"

"ஆள் மாறிப் போச்சு அண்ணா. எங்க அம்மா இதோ இங்க நிக்கிறாங்க."

"உங்க ஃபிளாட் நம்பர்தான் சொல்றாங்க மேடம். பாவம், தலையெல்லாம் நனைஞ்சிருக்கு. கால் ஆல்தா தரையெல்லாம் ஒட்டுது. மக வாரேன்னு சொன்னா, இன்னும் காணோம்னு கேக்குறாங்க."

அம்மா தோசைத் திருப்பியோடு என்னைப் பார்த்தாள், "யாருட்டி?" என்றாள். அனுப்பாதீர்கள், அனுப்பவே கூடாது என்று மட்டும் சொன்னேன்.

இப்போதும் இண்டர்காம் அடித்தால் அம்மா எங்கே இருக்கிறாள் என்று முதலில் பார்த்துக்கொண்டுதான் எடுக்கிறேன். வெளியே கிளம்பும்போது யாரிடமும் எதுவும் சொல்வதில்லை, அம்மாவுக்கு அதில் வருத்தம். அன்று மாலையே கீழே போய் அந்தக் காவலரிடம் கேட்டேன், சண்டை போட்டார்களா, அழுதார்களா, போகும்போது என்ன சொன்னார்கள் என்று.

"அதெல்லாம் ஒண்ணும் இல்ல மேடம், நல்லவங்க. 'ஆஷி'ன்னாங்க, போயிட்டாங்க."