லைன் என்ற சொல்லில் பதினோரு மாதம்

என் தம்பி திருமூர்த்திக்கு இப்போது முப்பத்திரண்டு வயது. பெருந்துறைப் பக்கம் எங்கள் ஊரில் முதன்முதலில் இன்டர்மீடியட் தேறியவன் அவன்தான். சிங்காநல்லூர் அருகே ஒரு நூல் மில்லில் ஸ்டோர் குமாஸ்தாவாக இருக்கிறான். பாபின், பெல்ட், எண்ணெய் என்று எந்தச் சாமான் எந்த அலமாரியில் எத்தனையாவது தட்டில் இருக்கிறது என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்லுவான். இதைச் சொல்ல எனக்குப் பெருமையாகத்தான் இருக்கிறது. அவனோடு ஒரே வீட்டில் குடியிருப்பது வேறு விஷயம்.

என் வீட்டுக்காரர் காலமான பிறகு நான் கோயமுத்தூருக்கு வந்து அவனோடு சேர்ந்துகொண்டேன். அப்போதே அவன் அந்தப் புத்தக வேலையை ஆரம்பித்திருந்தான். மில்லில் நோட்டீசெல்லாம் இங்கிலீஷில் ஒட்டுவார்கள். லீவுச் சீட்டும் இங்கிலீஷ்தான். தொழிலாளர்கள் ஸ்டோர் ஜன்னலுக்கு வந்து, இது என்னங்க, அது என்னங்க என்று கேட்பார்கள். கேட்ட சொல்லையெல்லாம் தம்பி துண்டுக் காகிதத்தில் எழுதிவைத்தான். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு சின்ன இங்கிலீஷ் அகராதி போடவேண்டும் என்று அதிலிருந்துதான் அவனுக்குத் தோன்றியது. ஆறு வருஷத்தில் ஆயிரத்து எண்ணூற்று நாற்பது சொல் சேர்ந்தது. அவன் கையெழுத்தை அவனே மறுநாள் படிக்கமாட்டான். ஆகையால் எல்லாவற்றையும் நான்தான் நல்ல பிரதியாக எழுதினேன். பிஸ்கட் டின்களில் எழுத்து வரிசைப்படி அடுக்கியும் வைத்தேன். நான் ஐந்தாம் வகுப்போடு நின்றவள்தான். ஆனால் என் எழுத்தில் ஒரு புள்ளி தப்பியிருக்கிறது என்று யாரும் காட்டட்டும்.

டவுன்ஹால் பக்கம் யாகூப் அவர்கள் ஒரு சின்ன அச்சாபீஸ் நடத்துகிறார். அச்சுக் கோக்கிற பொடி ஈய எழுத்து அவரிடம் பதினாறு பக்கத்துக்குத்தான் உண்டு. பதினாறு பக்கம் கோத்து, அச்சடித்து, எழுத்தைப் பிரித்து அறை அறையாகப் போட்டால்தான் அடுத்த பதினாறு பக்கம் கோக்க முடியும். நடுவில் ஒரு பக்கம் நின்றால் எல்லாம் நிற்கும். இது தம்பிக்கும் நன்றாகத் தெரியும். நாலு மாதத்தில் கே எழுத்து வரை ஓடிவிட்டது. தொள்ளாயிரத்து முப்பத்தாறாம் வருஷம் மாசி மாதம் எல் எழுத்தின் புரூஃப் திருத்துவதற்கு வந்தது. அதில் லைன் என்று ஒரு சொல் இருந்தது. அங்கே போய் அவன் உட்கார்ந்துவிட்டான்.

கோடு, வரி, வரிசை, ரயில் பாதை என்று நாலு அர்த்தம் முதலில் எழுதியிருந்தான். போதாதா? மின்சாரக் கம்பி விட்டுப்போயிற்று என்றான். சேர்த்தேன். தொழிலாளர் குடியிருக்கும் லைன் வீடு விட்டுப்போயிற்று என்றான். சேர்த்தேன். மில்லுக்குள் மேலே நீளமாகச் சுற்றி எல்லா மெஷினையும் ஓட்டும் லைன் ஷாப்ட், துணி காயப்போடும் கயிறு, தூண்டில் கயிறு. ஒரு வியாபாரி இவனைப் பார்த்து, நீங்கள் என்ன லைன் என்று கேட்டாராம், அதனால் தொழில். எங்கள் பங்காளி ஒருவர் கோட்டுத் தைக்கக் கொடுத்தார். உள்பக்கம் வைக்கிற துணிக்கு லைனிங் என்று தையல்காரர் சொல்லிவிட்டார். அன்றிலிருந்து வீட்டில் நிம்மதி இல்லை. கோட்டுக்கும் கோட்டின் உள் துணிக்கும் என்ன சம்பந்தம் என்று அவன் கேட்டது எனக்கு முதலில் புரியவில்லை. கோடு என்றால் கீறுகிற கோடு, போட்டுக்கொள்கிற கோட்டு அல்ல என்று விளக்கினான். விளக்கிய பிறகும் எனக்குக் கோபம்தான் வந்தது.

ஞாயிற்றுக்கிழமை தோறும் ஒரு காலேஜ் லைப்ரரிக்குப் போய்த் தடித்தடியான புத்தகங்களைப் புரட்டினான். ஐப்பசியில் ஒருநாள் மழையில் நனைந்துகொண்டே வந்தான். தலையைக்கூடத் துவட்டவில்லை. அந்தச் சொல்லே நூலில் இருந்து வந்ததாம். சீமையில் ஆளி என்று ஒரு செடி; அதன் நாரில் நூற்ற நூலுக்கு லத்தீன் பாஷையில் இருந்த பெயரே திரிந்து இப்படி ஆயிற்றாம். அந்த நூலில் நெய்த துணியைச் சட்டைக்கு உள்ளே வைத்துத் தைத்ததால்தான் லைனிங். நம் கொத்தனாரும் சுவர் நேராக வர நூல்தானே பிடிக்கிறார் என்றான். அவன் முகத்தைப் பார்க்க எனக்கும் சந்தோஷமாக இருந்தது. அதைச் சொல்லாமல் இருக்கக்கூடாது.

அந்தச் சந்தோஷம் ராகிக் களி வெந்து இறங்கும் வரைகூட நிற்கவில்லை. எல்லாச் சொல்லுக்கும் இப்படிப் பூர்வீகம் இருக்குமல்லவா, ஏ எழுத்திலிருந்து மறுபடி எழுதிவிடலாம் என்றான். அச்சான தாள்கள் யாகூப் அவர்கள் கடையில் ஆள் உயரத்துக்கு அடுக்கியிருந்தன. நான் கரண்டியைக் கீழே வைத்துவிட்டேன். அவனோடு பேச்சையும் மூன்று நாள் நிறுத்தினேன். அவன் அதைக் கவனித்தானா என்பது சந்தேகம்.

இதற்குள் மில்லிலிருந்து ஆட்கள் வரத் தொடங்கினார்கள். நூலைச் சிட்டமாகச் சுற்றும் ரீலிங் பகுதியில் வேலை செய்யும் பழனியாத்தாள் மூன்று தடவை வந்துபோனாள். தொழிலாளர் சங்கத்துப் பள்ளியில் தமிழ் படித்தவள். நோட்டீஸ் பலகை முன்னால் நின்று, யாரையும் கேட்காமல் தானே படிக்கவேண்டும் என்பது அவள் ஆசை. மூன்று தடவையும் அவளுக்குப் பதில் சொன்னது நான்.

மார்கழி பாதியில் யாகூப் அவர்கள் வீட்டுக்கே வந்தார். கல்யாணப் பத்திரிகைக்குப் பெரிய எழுத்து தனியாக இருந்ததால் அதுவரை பொறுத்தார். இப்போது எலெக்ஷன் நோட்டீசுகள் குவிகின்றன. பொடி எழுத்து முழுவதும் எங்கள் பக்கங்களில் மாட்டிக்கொண்டிருக்கிறது.

"ஏனுங்க அம்மணி, எத்தனை மாசமுங்க? வெள்ளிக்கிழமைக்குள்ள புரூஃப் வரலீன்னா பக்கத்தைப் பிரிச்சுப்போடுவேனுங்க. அப்புறம் நீங்க வேற அச்சாபீஸ் பாத்துக்குங்க."

பிரித்தால் புத்தகம் அதோடு தீர்ந்தது. எனக்கு அது தெரியும். தம்பியிடம் சொன்னேன். வெள்ளிக்குள் முடிக்கிறேன் என்று தலையாட்டினான். வியாழக்கிழமை சாயங்காலம் அந்தச் சொல்லுக்கு மட்டும் ஒன்பது துண்டு காகிதம் சேர்ந்திருந்தது.

புரூஃபில் அந்தச் சொல்லின் கடைசியில் இரண்டு வரிக்கு இடம் விடச்சொல்லி அவன் முன்பே கேட்டிருந்தான். அந்த இடத்தில் எழுத்துகளைத் தலைகீழாக நட்டு வைத்திருந்தார்கள். அச்சில் அவை கறுப்புக் கட்டைகளாக விழுந்திருந்தன. வெள்ளிக்கிழமை அவன் மில்லுக்குப் போனதும் நான் சிலேட்டை எடுத்தேன். வரிக்கு இருபத்தைந்து எழுத்து. ஒன்பது காகிதத்தையும் பரப்பிவைத்து, எழுதி, எண்ணி, அழித்து, மறுபடி எழுதினேன். பன்னிரண்டாம் தடவையில் அடங்கியது. 'பூர்வம்: ஆளிச் செடியின் நூல். நூலைப்போல நீண்டு போவதெல்லாம் இந்தப் பெயர் பெறும்.' கறுப்புக் கட்டைகளின் ஓரத்தில் அதை எழுதி, கீழே 'அச்சிடலாம்' என்று போட்டுப் புரூஃபைக் கொண்டுபோய்க் கொடுத்தேன்.

யாகூப் அவர்கள் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "தம்பி பாத்தாச்சுங்களா?" என்றார்.

"எழுத்தைப் பாருங்க," என்றேன். இதுவரை போன எல்லாப் புரூஃபும் என் எழுத்தில்தான் போயிருக்கிறது. அவர் எழுத்தைப் பார்த்தார். பிறகு தாளை உள்ளே கொடுத்தார்.

அடுத்த வாரம் அச்சான தாளோடு தம்பி வந்தான். நின்றபடியே படித்தான். நான் அரிசி புடைப்பதை நிறுத்தவில்லை.

"இந்த ரெண்டு வரி யாருங்க்கா எழுதுனது?"

"நாந்தான்."

"நல்லாத்தானுங்க இருக்குது." இன்னொரு தடவை படித்தான். "கோட்டுத் துணி உட்டுப்போச்சுங்களே."

"கோட்டுப் போடறவனுக்கு உன்ற புத்தகம் எதுக்கு கண்ணு?"

"மில்லுல வேலை செய்யறவன் என்னைக்குமே கோட்டுப் போடமாட்டான்னு நீங்களே முடிவு பண்ணிப்போட்டீங்களா?"

நான் அடுத்த முறம் அரிசியை அள்ளினேன். எம் முதல் இசட் வரை அவன் எப்போதோ முடித்துவைத்தது. எழுத்து விடுபட்டதும் மளமளவென்று ஓடி, பங்குனியில் முந்நூறு பிரதி பைண்டாகி வீடு வந்தது. எங்கள் ஊரிலேயே அச்சுப் புத்தகத்தில் பேர் வந்தவன் என் தம்பி ஒருவன்தான். நான் ஒரு பிரதியை மஞ்சள் தடவிச் சாமி படத்துக்கு முன்னால் வைத்தேன்.

மீதியை அவன் யாருக்கும் கொடுக்கவில்லை. ஒவ்வொரு பிரதியிலும் அந்தப் பக்கத்தைத் திறந்து, ஓரத்தில் மையால் கோட்டுத் துணியைச் சேர்த்துக்கொண்டிருக்கிறான். நாளுக்குப் பத்துப் பிரதி. மை காயவேண்டுமாம். அதிலும் ஒரு பிரதியில் எழுதியதுபோல் அடுத்ததில் எழுதமாட்டான். அதைவிட நல்ல வாசகம் தோன்றிவிடும்.

போன ஞாயிற்றுக்கிழமை பழனியாத்தாள் நாலாம் தடவையாக வந்தாள். தம்பி குளித்துக்கொண்டிருந்தான். நான் புத்தகக் கட்டிலிருந்து ஒரு பிரதியை உருவி அவள் கையில் கொடுத்து, சீக்கிரம் போ என்றேன். முந்தானையில் சுற்றிக்கொண்டு போனாள்.

அவன் ஈரத் தலையோடு வந்து எண்ணிப் பார்த்தான். ஒன்று குறைவது உடனே தெரிந்துவிட்டது. எந்தக் கட்டிலிருந்து எடுத்தீர்கள் என்று கேட்டான். எழுதாத கட்டிலிருந்து என்றேன். அவள் எந்த லைன் வீடு என்றான். மூன்றாவது என்றேன். பேனாவையும் மைக்கூட்டையும் துண்டில் சுற்றிக்கொண்டு, சாப்பிடாமல், வெயிலில் கிளம்பிவிட்டான்.

எழுதி முடித்தவை நூற்றுப் பன்னிரண்டு. இன்னும் எழுதவேண்டியவை நூற்று எண்பத்தாறு. முடித்தவற்றில் ஒன்றைத் திறந்து பார்த்தேன். அவன் கையெழுத்து அப்படியேதான் இருக்கிறது. பழனியாத்தாளால் மட்டுமல்ல, எவராலும் படிக்க முடியாது. நான் இன்னொரு பேனாவையும் மையையும் தேடி எடுத்து, நூற்றுப் பதின்மூன்றாவது பிரதியைத் திறந்தேன்.