அப்பா ஒட்டிய அடி

ரப்பர் வழுக்காது என்பது எங்கள் தோட்டத்தில் யாரும் சந்தேகிக்காத விஷயம். ரப்பர் மரத்தை நம்பிப் பிழைக்கிறவர்களுக்கு அந்தத் தலைக்கனம் இருக்கத்தானே செய்யும். கரவனெல்லைப் பாடசாலை ஒன்றோடு புட்போல் போட்டி வந்தபோது, அப்பா என் பழைய கன்வஸ் சப்பாத்தின் தேய்ந்த அடியைப் பிரித்தெடுத்துவிட்டு, வழவழப்பான ரப்பர் ஷீட்டை அளவாக வெட்டி ஒட்டினார். நாள் முழுக்க ரப்பர் மரத்தில் பால் வெட்டிக் களைத்த கையோடு இரண்டு மாலை உட்கார்ந்து செய்த வேலை அது.

எனக்குப் பதினொரு வயது. கோலுக்கு முன்னால் நின்று, பந்தோடு வருகிறவனை மறிக்கும் பெக் நான். இன்று சரியாக ஆடினால்தான் அடுத்த போட்டிக்கும் எடுப்பேன் என்று எங்களைப் பழக்கும் சேர் கண்டிப்பாகச் சொல்லியிருந்தார்.

மதியம் பெய்த மழையில் புல் ஊறிக் கிடந்தது. பந்தோடு வந்தவனை மறிக்கத் திரும்பினேன். கால் நிற்கவில்லை. உட்கார்ந்தபடியே அவனைத் தாண்டிச் சறுக்கிப் போனேன்; அவன் நிதானமாகக் கோல் அடித்தான். இரண்டாவது கோலும் அப்படியேதான். அவர்களைவிட எங்கள் பையன்கள்தான் அதிகம் சிரித்தார்கள்.

வேலை முடிந்து நேரே ஆட்டம் பார்க்க வந்திருந்தார் அப்பா. இடைவேளையில் சப்பாத்தைக் கழற்றி அவர் காலடியில் எறிந்தேன்.

"இதப் போட்டுக்கிட்டு வெளையாட ஏலாது."

எல்லோருக்கும் கேட்கும்படிதான் சொன்னேன். அப்பா குனிந்து அவற்றை எடுத்துக்கொண்டார்.

வெறுங்காலோடு இறங்கினேன். விரல்கள் சேற்றில் பதிந்து நின்றன. அதற்குப் பிறகு ஒருவனையும் விடவில்லை. நடுவில் திரும்பிப் பார்த்தால், அப்பா மைதானத்து ஓர வரப்பில் உட்கார்ந்து, சப்பாத்தை மடியில் கவிழ்த்து, பால் வெட்டும் கத்தியால் அடியைக் கீறிக்கொண்டிருந்தார். கோபத்தில் கிழிக்கிறார் என்று நினைத்தேன். ஆட்டம் முடிந்ததும் அவர் கண்ணில் படாமல் குறுக்குப் பாதையால் வீட்டுக்கு ஓடினேன்.

மாலையில் சப்பாத்துகள் எங்கள் லயத்து வீட்டு வாசலில் இருந்தன. அடி முழுக்க வெட்டு. அதைப் பார்க்கப் பார்க்க அப்பாவின் கோபம் ஏறும் என்று பயந்து, இரண்டையும் கொண்டுபோய் ஆற்றில் போட்டேன்.

அடுத்த போட்டிக்கு என் பெயரும் இருந்தது. பயிற்சிக்குக் கிளம்பும்போது அப்பா கேட்டார்.

"சப்பாத்து போடலியா?"

"ஆத்துல போட்டுட்டேன்பா."

அப்பா குனிந்து என் வெறுங்காலைப் பார்த்தார்.

"சரி, போ."

அடி விழவில்லை. தப்பித்தோம் என்று குதித்துக்கொண்டு ஓடினேன். அந்த வெட்டுகள் எல்லாம் ஒரே ஆழத்தில், ஒரே சரிவில், விரற்கடை இடைவெளி விட்டு, டயரின் வரிகளைப்போல வரிசையாக இருந்தன. கோபக்காரனின் கை அத்தனை ஒழுங்காக வெட்டாது என்பது எனக்கு அன்று தோன்றவே இல்லை.